எர்த் குழியும் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரும்

வாசுதேவநல்லூரில் வீடு கட்டுகிறவர்கள் வாஸ்து பார்க்கிறார்களோ இல்லையோ, ஒரு சடங்கைச் செய்துவிடுவார்கள். வீட்டோரம் ஆழமாகக் குழி தோண்டி, ஜி.ஐ. குழாயை நட்டு, அடுப்புக்கரியும் கல்லுப்பும் அடுக்கடுக்காகப் போட்டு மூடுவது. குழாயிலிருந்து ஒரு கம்பி போர்டுக்குப் போகும். "எர்த் போட்டாச்சு, இனி கவலையில்ல" என்பார் எலக்ட்ரீசியன். கசிகிற கரண்ட்டை பூமித்தாய் வாங்கிக்கொள்வாள் என்று நம்பிக்கை.

வாங்கிக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

உண்மையில் கரண்ட்டுக்கு மண் மீது தனிப் பாசம் எதுவும் கிடையாது. எந்த டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கிளம்பியதோ, அங்கேயே திரும்பிப் போகத்தான் வழி தேடும். தெருமுனையில் இரட்டைக் கம்பத்தில் நிற்கிறதே, அது 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைக்கிறது. அதன் மூன்று சுருள்களும் சேரும் புள்ளிதான் நியூட்ரல். அந்த நியூட்ரலைத் தனித்தனியாக இரண்டு குழிகளில் எர்த் செய்ய வேண்டும் என்பது விதி. ஆக, வீட்டு கிரைண்டரில் கசிந்த கரண்ட் வீட்டுக் குழியில் இறங்கி, மண் வழியாக நடந்து, டிரான்ஸ்ஃபார்மர் குழியில் ஏறி ஊர் போய்ச் சேர வேண்டும்.

இந்த நடைபாதைதான் பிரச்சினை. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் குழிக்கு 5 ஓம், வீட்டுக் குழிக்கு 10 ஓம் மின்தடை என்று வைத்துக்கொள்வோம். 230-ஐ 15-ஆல் வகுத்தால் சுமார் 15 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு விழாது! கிரைண்டரின் பாடியில் 150 வோல்ட்டுக்கு மேல் ஏறி நிற்கும். எர்த் சரியாக இருக்கும் வீட்டிலேயே இந்தக் கதி. சித்திரை வெயிலில் மண் காய்ந்து வீட்டுக் குழி 30 ஓம் ஆகிவிட்டால், கரண்ட் 7 ஆம்பியர்கூட வராது. பாடியில் கிட்டத்தட்ட 200 வோல்ட். ஈரக் கையோடு மாவு வழிக்கப் போகிறவரின் நிலைமை என்ன?

ராஜபாளையத்து நூற்பாலைகள் மாதிரி சொந்த டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருக்கும் இடங்களில் கதையே வேறு. அங்கே மோட்டார் பாடி, பேனல், கேபிள் தட்டு எல்லாவற்றையும் உலோகப் பட்டையால் ஒன்றோடொன்று பிணைத்து, அந்தப் பட்டையை டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரலோடு சேர்த்துவிடலாம். இதைத்தான் பாண்டிங் என்கிறார்கள். கரண்ட் மண்ணில் நடக்க வேண்டாம், உலோகத்திலேயே ஓடிவிடும். பாதையின் மின்தடை அரை ஓம் என்றால் 460 ஆம்பியர் பாயும், எம்.சி.பி. கண் சிமிட்டும் நேரத்தில் விழும். ஆளைக் காப்பாற்றுவது குழியைவிட இந்தப் பட்டைதான். அதே கட்டடத்துக்குள் இன்னொரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால், அதன் வெளிப்பக்கம் புதிய பிறவி மாதிரி. பழைய நியூட்ரலோடு உறவு அறுந்துவிடும். அதற்கும் புதிதாக நியூட்ரலை எர்த்தோடு சேர்க்க வேண்டும். பலரும் கோட்டை விடுகிற இடம் இதுதான்.

அப்படியானால் வீட்டு போர்டிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் முடிச்சுப் போட்டுவிட்டால்? அமெரிக்காவில் மெயின் போர்டில் அப்படிச் சேர்ப்பதுதான் விதி. நம் ஊரில் தயவுசெய்து வேண்டாம். ஆடிக்காற்றில் கம்பத்து நியூட்ரல் அறுந்தால் என்ன ஆகும் என்பது ஊருக்கே தெரியும். ஒரு வீட்டில் ஃபேன் சோம்பலாகச் சுற்றும், பக்கத்து வீட்டில் டி.வி. புகையும். முடிச்சுப் போட்ட வீட்டிலோ ஃபிரிட்ஜ் முதல் இரும்பு பீரோ பக்கத்து பிளக் வரை, எர்த் கம்பி தொட்ட உலோகமெல்லாம் ஷாக் அடிக்கும். டி.வி. போனால் வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வழி ஆர்.சி.சி.பி.தான். ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் முழுதாகத் திரும்புகிறதா என்று கணக்குப் பார்க்கும் கறார் பேர்வழி இது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். 15 ஆம்பியருக்கு அசையாத எம்.சி.பி. எங்கே, இது எங்கே! மண் காய்ந்து 30 ஓம் ஆனாலும் இதற்குக் கவலையில்லை. வீட்டுக்கு டைல்ஸ் போட ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இதன் விலை பெரிதே இல்லை. ஆனாலும் எத்தனையோ பழைய வீடுகளில் இன்னும் பியூஸ் கட்டை மட்டும்தான்.

வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு முறை அதிலுள்ள 'டி' பட்டனை அமுக்கிப் பாருங்கள், விழ வேண்டும். ஒரு விஷயம்: எர்த் கம்பி குழியில் துருப்பிடித்து அறுந்திருந்தாலும் பட்டனுக்கு அது விழவே செய்யும். அந்தச் சோதனை கருவிக்கு மட்டும்தான். குழியைச் சோதிக்க எர்த் மெக்கர் வைத்திருக்கும் எலக்ட்ரீசியனைத்தான் கூப்பிட வேண்டும். கோடையில் கூப்பிடுங்கள், மழைக்காலத்தில் எல்லாக் குழியும் நல்ல குழியாகத்தான் தெரியும்.