ஒரு கிழிசலின் கதை

வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி, உடும்பு என வரிசையாகத் துளைத்துச் சென்றதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். நான் மூன்றாம் ஆண்டு படித்தபோது, எங்கள் பல்கலைக்கழக வில்வித்தைக் கழகத்தில் நான் எய்த அம்புகளால் ஒரு பழைய நாளிதழ்த் தாளைக்கூட ஒழுங்காகத் துளைக்க முடியவில்லை. அந்தத் தாளில் விழுந்த ஓர் அங்குலக் கிழிசலைப் பற்றியும், அதற்கு யார் காரணம் என்று நான் தேடிய கதையைப் பற்றியும் எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

கழகத்தில் ரிகர்வ் விற்கள் பல இருந்தன. காம்பவுண்ட் வில் ஒன்றே ஒன்றுதான். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலெஸ் வில்பர் ஆலன் 1966-இல் விண்ணப்பித்து 1969-இல் காப்புரிமை பெற்ற வில் வகை இது. இரு முனைகளிலும் கேம் எனப்படும் சக்கரங்கள் இருக்கும். நாணை இழுக்க இழுக்கப் பாரம் ஏறும்; உச்சத்தைத் தாண்டியதும் சக்கரங்கள் திரும்பி அந்தப் பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்களே வாங்கிக்கொள்ளும். 50 பவுண்டு வில்லில் 80 விழுக்காடு குறைந்தால், குறிபார்க்கும் நேரத்தில் நம் கையில் நிற்பது 10 பவுண்டுதான். ஆனால் நாணை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதை ஒவ்வொருவரின் கை நீளத்துக்கும் ஏற்ப வில்லிலேயே அமைத்துவிட வேண்டும். எங்கள் வில் 28 அங்குலத்துக்கு அமைக்கப்பட்டிருந்தது. அந்த அளவு பொருந்தியவர்கள் இருவர். ஒருவன் நான், மற்றவன் முதலாம் ஆண்டு மாணவன், என்னை ‘அண்ணா’ என்று அழைக்கும் தம்பி.

பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிக்கான தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தபோது என் அம்புகள் சிதறத் தொடங்கின. 50 மீட்டர் தூரத்தில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 8 சென்டிமீட்டர்தான். என் அம்புகளோ ஒன்று எட்டில், ஒன்று ஆறில், ஒன்று பலகையின் ஓரத்தில். கோச் ஒரு மரச்சட்டத்தில் நாளிதழை விறைப்பாக ஒட்டி, இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வைத்து எய்யச் சொன்னார். அம்பு நேராகப் பறந்தால் தாளில் ஒரு வட்ட ஓட்டையும் அதைச் சுற்றி மூன்று இறகுகளின் கீறலும் மட்டும் விழும். வால் ஒரு பக்கம் சாய்ந்து வந்தால் அந்தப் பக்கம் தாள் கிழியும். என் தாளில் வால் இடப்பக்கமாகவும் சற்று மேலாகவும் ஓர் அங்குலத்துக்குக் கிழித்திருந்தது.

எனக்கு உடனே தோன்றிய விளக்கம் ஒன்றுதான். முந்தைய நாள் மாலை அந்த வில்லை எடுத்தவன் தம்பி. “எதையாவது திருகினியா?” என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டேன். “இல்லண்ணா, நான் எதையும் தொடல,” என்றான். “தொடாம எப்படி இப்படி ஆகும்?” என்று குரலை உயர்த்தினேன். அவன் பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் முதல் அவன் திடலுக்கு வரவில்லை. வராதது அவன் குற்றத்துக்குச் சான்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று மாலையே ஆலன் கீயை எடுத்தேன். அம்பைத் தாங்கும் ரெஸ்ட்டை நகர்த்தினேன். நாணில் அம்பு பொருந்தும் டி-லூப்பை ஏற்றினேன். வாலில் உள்ள நாக்குகளையும் மாற்றினேன். மூன்றும் ஒரே நேரத்தில். கிழிசல் இன்னும் பெரிதானது. எது கெடுத்தது என்றும் தெரியவில்லை. பழைய இடத்துக்குத் திரும்பவும் வழியில்லை. மறுநாள் கோச் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். பிறகு ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, “ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். எய்வது மூன்று அம்பு. எழுது. அப்புறம்தான் அடுத்தது,” என்றார்.

ஒரு வாரம் அப்படியே செய்தேன். வால் மேலே போவது எளிதில் தீர்ந்தது. நாணில் அம்பு பொருந்தும் இடம் உயரமாக இருந்தால் வால் மேலெழும்; நான் ஏற்றிய டி-லூப்பை முதலில் இருந்ததைவிட 2 மில்லிமீட்டர் கீழே இறக்கியதும் அந்தக் கிழிசல் மறைந்தது. இடப்பக்கக் கிழிசல்தான் விடவில்லை. இறகு ரெஸ்ட்டில் உரசுகிறதா என்று அறிய, அம்பின் வாலில் பாதங்களுக்கு அடிக்கும் ஸ்பிரே பவுடரை அடித்து எய்தேன். எங்கும் உரசிய தடமில்லை. மேல் சக்கரமும் கீழ்ச் சக்கரமும் ஒரே கணத்தில் நிற்கின்றனவா என்று கோச் பார்த்தார். நின்றன. அம்பின் விறைப்பு, அதாவது ஸ்பைன், வில்லுக்குப் பொருந்துகிறதா என்று அட்டவணையில் தேடினோம். 28 அங்குல இடைவெளியில் தாங்கிய அம்புத் தண்டின் நடுவே 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் அது அரை அங்குலம் வளைந்தால் ஸ்பைன் 500. எண் கூடக்கூடத் தண்டு இளகியது என்று பொருள். எங்கள் அம்புகள் அட்டவணைக்குள்தான் இருந்தன. ரெஸ்ட்டை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினேன். கிழிசல் சுருங்கியது. மகிழ்ச்சியில் அடுத்த அம்பை எய்தேன். மறுபடியும் முக்கால் அங்குலம்.

கோச் குறிப்பேட்டைப் புரட்டினார். “வில்லில் கோளாறு இருந்தால் கிழிசல் ஒரே மாதிரி விழும். உன் கிழிசல் அம்புக்கு அம்பு மாறுகிறது. வில்லை வேறு யாராவது எய்து பார்க்கணும். இந்த அளவுக்கு வேறு யார் இருக்கா?” என்று கேட்டார்.

யார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

தம்பியின் விடுதி திடலிலிருந்து பத்து நிமிட நடை. அன்று எனக்கு அரை மணி நேரம் ஆனது. கதவைத் திறந்தவனிடம், “கோச் கூப்பிடுறாரு,” என்று மட்டும் சொன்னேன். மன்னிப்புக் கேட்கும் துணிவு அப்போது எனக்கு இல்லை. அவன் ஒரு கேள்வியும் கேட்காமல் காலணியை மாட்டிக்கொண்டு வந்தான்.

புதிய தாள் ஒட்டினோம். நான் ஒரு வாரமாகத் திருகிய அதே வில், அதே அம்புகள். தம்பி மூன்று முறை எய்தான். தாளில் மூன்று வட்ட ஓட்டைகள், ஒவ்வொன்றையும் சுற்றி மூன்று மெல்லிய கீறல்கள். கோச் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. வில்லில் குறையில்லை. குறை என் கையில்.

கோச் என் இடது உள்ளங்கையை விரித்து, ஆயுள் ரேகையின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டார். வில்லின் கைப்பிடி அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. கட்டைவிரலின் அடிமேட்டில் மட்டும் சாய்ந்திருக்க வேண்டும். மற்ற விரல்கள் தளர்ந்து கிடக்கலாம். மணிக்கட்டில் கட்டிய கயிறு வில்லைக் கீழே விழ விடாது. நானோ உள்ளங்கை முழுவதையும் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தேன். நாணை விட்டதும் அம்பு வில்லை விட்டுப் போக நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரம்கூட ஆவதில்லை. அந்தச் சிறு நேரத்தில் என் பிடி வில்லைப் பக்கவாட்டில் முறுக்கிவிட, நாண் அம்பின் வாலை ஒரு பக்கம் தள்ளியிருக்கிறது. தேர்வு நெருங்க நெருங்க நான் பயந்தேன், பயந்ததால் இறுக்கினேன், இறுக்கியதால் அம்பு சிதறியது, சிதறியதால் இன்னும் பயந்தேன்.

பயிற்சி முடிந்து மாமாக் கடையில் தே தாரிக் குடித்தபோதுதான் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் குவளையைப் பார்த்தபடியே சொன்னான்: “நீங்க எய்யுறப்ப கை விரல் எல்லாம் வெளுத்துப் போயிருக்கும்ணா. நான் முதல்லயே பார்த்தேன். சீனியர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு சொல்லல. அப்புறம் நீங்க திட்டினதும், சொன்னா தப்பிக்கச் சொல்றேன்னு நினைப்பீங்கன்னு பேசாம இருந்துட்டேன்.”

கிழிசலைவிட அந்தச் சொற்கள் எனக்கு அதிகம் வலித்தன. விடை தெரிந்தவன் ஆரம்பத்திலிருந்தே என் அருகில் நின்றிருக்கிறான். அவன் வாயை அடைத்தவன் நான். பல்கலைக்கழகத்தில் ‘அண்ணா’ என்ற சொல்லை நாம் அன்பாகத்தான் கேட்டு வாங்குகிறோம். ஆனால் அது ஒரு தம்பியைப் பேச விடாமல் செய்யும் என்பதை நான் அன்றுதான் உணர்ந்தேன்.

பிடியைத் தளர்த்தப் பழக எனக்கு மூன்று வாரம் ஆனது. உள்ளங்கையில் தினமும் பேனாவால் கோடு போட்டுக்கொண்டேன். பயிற்சியின்போது என் விரல் வெளுத்தால் ‘அண்ணா, கை!’ என்று கத்துவது தம்பியின் வேலையாயிற்று. தேர்வு நாளில் என் அம்புகள் ஓரளவு கூடி விழுந்தன. இருந்தாலும் அவன் என்னைவிட 11 புள்ளி அதிகம் எடுத்தான். இருந்த ஒரு வில்லும் ஒரு இடமும் அவனுக்குப் போயின. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். இருந்தும் போட்டி நாளன்று அவன் அம்புகளை எண்ணித் துடைத்து அம்புறாத்தூணியில் அடுக்கிக் கொடுத்தது நான்தான்.

காம்பவுண்ட் வில் 2014-இல் இன்சியோன் ஆசிய விளையாட்டில் நுழைந்தது. 2028-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் கலப்புக் குழுப் போட்டியாக இடம்பெறவிருக்கிறது. கழகங்களில் புதிதாக இந்த வில்லை எடுக்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு என்னால் சொல்ல முடிந்தது இதுதான். தாள் கிழிந்தால், கிழிந்தது என்று மட்டும்தான் தாள் சொல்லும். யாரால் என்று சொல்லாது. ஆலன் கீயை எடுக்கும் முன் அதே வில்லை இன்னொருவரிடம் கொடுத்து எய்யச் சொல்லுங்கள். அவர் உங்களிடம் ஏதாவது சொல்லத் தயங்கினால், நீங்களே கேளுங்கள்.