இணைப்பின் அடையாளம்

கணிப்பொறி ஒன்றே, அதன்கண் ஒரே பொழுதில் நிகழும் உரையாடல்களோ பல. மின்னஞ்சல் ஒருபால் வரும். இணையப் பக்கங்கள் ஒருபால் விரியும். இவை யாவும் சிறு சிறு பொதிகளாகப் பகுக்கப்பட்டு, ஒரே வழியில் கலந்து வருகின்றன. எப்பொதி எவ்வுரையாடலுக்கு உரியது என அறிவது எங்ஙனம்?

வின்டன் செர்ஃப், இராபர்ட் கான் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரையிலிருந்து வளர்ந்ததே டி.சி.பி. என்னும் நெறி. அதன்படி, ஒவ்வொரு பொதியும் நான்கு குறிப்புகளைத் தாங்கி வரும். அனுப்பும் கணிப்பொறியின் முகவரி, அதன் வாயில் எண், பெறும் கணிப்பொறியின் முகவரி, அதன் வாயில் எண் என்பனவே அவை. ‘போர்ட்’ எனப்படும் இவ்வாயில்களுக்கு 0 முதல் 65535 வரை எண்கள் உண்டு. காப்புடைய இணையப் பக்கங்களுக்கு உரிய வாயில் 443. ஆயிரவர் அவ்வொரு வாயிலையே நாடினும் குழப்பம் நேராது. நான்கனுள் ஒன்று வேறுபடினும் அது வேறு இணைப்பே ஆகும்.

எனினும், இந்நெறியில் ஓர் இடர் உண்டு. மாணவன் ஒருவன் கைப்பேசியில் பாடம் ஒன்றை இறக்கிக்கொண்டே வீட்டை விட்டுப் புறப்படுகிறான். வைஃபை அகன்று, அலைபேசி வலையமைப்பு வந்து பற்றுகிறது, முகவரி மாறுகிறது. ஆள் அவனே, கேட்ட பாடமும் அதுவே. ஆயினும் இணைப்பு அறுகிறது.

2021ஆம் ஆண்டில் வரையறுக்கப்பெற்ற குவிக் என்னும் நெறி இவ்விடரையும் நீக்கிற்று. அஃது இணைப்பிற்கே அடையாள எண்களை வழங்குகிறது. முகவரி மாறியவிடத்தும், மறுமுனை அவ்வெண்ணைக் கண்டு தெளிந்து, புதுவழி மெய்யானதா எனச் சோதித்து, விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறது. இருக்கும் இடங்கொண்டு ஒருவரை அறிதல் எளிது. இடம் பெயர்ந்த பின்னும் இன்னார் என அறிதலே நிலைத்த அறிமுகம்.