முதல் ஆள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

என் தந்தையார் பதினெட்டு ஆண்டுகள் பிறர் வீட்டுத் தோட்டங்களுக்கு நீர் ஊற்றியவர். மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் சேலத்தில் சொந்தமாகத் தோட்டம் அமைத்துக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கினார். தொழில் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஒரு பழைய மொபெட், இரண்டு மண்வெட்டி, ஒரு கடப்பாரை, ஒரு புல் கத்தரி, விடுமுறை நாள்களில் நான். இவ்வளவே மூலதனம்!

சென்ற கோடையில் ஒரு திருமண மண்டபத்தின் முன்புறம் 1500 சதுர அடிக்குப் புல்தரை போடும் வேலை கிடைத்தது. சதுர அடிக்கு 30 ரூபாய். மொத்தம் 45,000. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் சேர்த்துப் பார்த்திராத தொகை. ஆனால் பத்து நாளில் முடிக்க வேண்டும். அப்பாவின் இடுப்போ முன்போல் வளைவதில்லை. "ஒரு ஆள் வெச்சாத்தான் ஆவும்" என்றார், தயங்கித் தயங்கி. காலமெல்லாம் ஆளாக இருந்தவருக்கு ஆள் வைப்பதென்றால் கூச்சமாக இராதா?

பக்கத்துத் தெரு அக்கா ஒருவரை அம்மா அழைத்து வந்தார். கணக்கு நோட்டு என் பொறுப்பு. (வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்பதால் எழுதுகிற வேலையெல்லாம் என் தலையில்தான்.) புல்லுக்கு 18,000, செம்மண்ணுக்கும் தொழுவுரத்துக்கும் 9,000, வண்டி வாடகை 3,000. மீதி 15,000. அதில்தான் கூலி. எங்கள் பக்கம் மண்வேலைக்கு ஆணாளுக்கு 700, பெண்ணாளுக்கு 400. யோசிக்காமல் 400 என்று எழுதி, பத்தால் பெருக்கிக் கோடிட்டேன்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "அவளுக்கு எவ்வளவு எழுதினே சாமி?" என்று கேட்டார். சொன்னேன். ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டார். சற்றுப் பொறுத்து அங்கிருந்து குரல் வந்தது: "நானும் அரை ஆளாத்தான் களை வெட்டினேன்."

நண்பர்களே, சுருக்கென்றது. காரணம் உங்களில் பலருக்குத் தெரியும். முதலாண்டில் நம் கல்லூரிப் பேச்சுப் போட்டியில் அரசியலமைப்பின் 39ஆம் பிரிவையும் 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தையும் முழங்கி இரண்டாம் பரிசு வாங்கியவன் நான்தான். நீங்களும் கைதட்டினீர்கள்! அந்தச் சான்றிதழ், கணக்கு நோட்டு இருக்கும் அதே அலமாரியில்தான் இருந்தது.

400-ஐ அடித்து 700 ஆக்கினேன். அப்பா கோபித்துக்கொண்டார். "ஊரெல்லாம் குடுக்கறதத்தானே குடுக்கறோம்? மூவாயிரம் கூடப் போவுதே! புல் வெட்டற மெஷினுக்கு எடுத்து வெச்ச காசு." அவர் சொன்னதும் பொய்யல்ல. அந்த மெஷின் இல்லாமல் அவர் குந்தி உட்கார்ந்து கத்தரியால் புல் வெட்டுவதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். கடைசியில், "வேலையப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

அந்த இடம் முழுக்கக் கோரை. இலையைப் பிடுங்கினால் போதாது. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு மறுபடி முளைக்கும். ஒரு கிழங்கிலிருந்து அடுத்த கிழங்குக்குச் சரடுபோலத் தண்டு ஓடும். சைப்பரஸ் ரோட்டண்டஸ் என்று ஆய்வுக்கூடத்தில் படம் வரைந்து பாகம் குறித்த நான், மேலாகக் கொத்திவிட்டு நகர்ந்தேன். அக்கா பின்னாலேயே வந்து, களைக்கொத்தைச் சாய்த்து இறக்கி, சரடு அறுபடாமல் கிழங்கு கிழங்காக எடுத்துக் கூடையில் போட்டார். "இத விட்டா உங்க புல்லத் தின்னுபோடும் தம்பி." மூன்று நாளும் அப்படியே. அப்பா எதுவும் சொல்லவில்லை. மத்தியானம் மட்டும், "அம்மிணி, நிழலுக்கு வந்து சாப்பிடு" என்று அழைத்துத் தண்ணீர்க் குடத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

சனிக்கிழமை மாலை பணத்தை எண்ணி என் கையில் கொடுத்து, "நீயே குடு" என்றார். 2,100 ரூபாய். அக்கா வாங்கி எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார். ஒன்பது நூறு ரூபாய் நோட்டுகளைப் பிரித்து என்னிடமே நீட்டினார்.

"மூணு நாளைக்கு ஆயிரத்து இருநூறுதானே தம்பி. தப்பா எண்ணிப்போட்டீங்க."

"இல்லைங்கக்கா, சரிதான்."

அவர் நம்பவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டே, நிமிராமல், "சரியாத்தான் எண்ணியிருக்கான்" என்றார்.

புல் நன்றாகப் பிடித்துவிட்டது. மெஷின் இன்னும் வாங்கவில்லை. அப்பா கத்தரியோடுதான் குந்தியிருக்கிறார்.