காட்டூர் ரோட்டுல ஒரு கார் கச்சேரி!

பழவேற்காடுன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஃபிளமிங்கோ, டச்சுக் கல்லறை, இறால் வறுவல்... அப்புறம் முக்கியமா, யாரோ ஒருத்தன் அப்பா காரை ஓசி வாங்கிக்கிட்டு அஞ்சு பேர் அடைஞ்சுக்கிட்டுப் போற டிரிப். கரெக்டா? நாங்களும் அப்படித்தான் கிளம்பினோம். ஆனா இந்த வாட்டி ஏரி எல்லாம் இரண்டாம்பட்சம். காட்டூர்ல ஒரு ஆயாவுக்கு நாலு நிமிஷப் பாட்டு ஒண்ணைப் போட்டுக் காட்டணும். அவ்வளவுதான் வேலை.

ஆயா, எங்க கூட வந்த நண்பனோட அப்பாவைப் பெத்தவங்க. ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல இருக்கற ஒரு குப்பத்துல வாழ்ந்தவங்க, இப்போ காட்டூர்ல மகள் வீட்டோட இருக்காங்க. தாத்தா போய்ச் சேர்ந்து பல வருஷமாச்சு. அவர் கரைவலை இழுக்கும்போது பாடின அம்பா பாட்டு ஒண்ணை 1990-களில் யாரோ டேப்ரிக்கார்டர்ல பிடிச்சு வெச்சிருக்காங்க. அம்பா பாட்டு தெரியுமில்ல? ஒருத்தர் அடி எடுத்துக் கொடுப்பார், மத்தவங்க சேர்ந்து பதில் சொல்வாங்க, அந்தத் தாளத்துக்கு எல்லார் கையும் ஒரே நேரத்துல வலையை இழுக்கும். பாட்டு பிசகினா இழுப்பும் பிசகும். பொழுதுபோக்குக்குப் பாடினது இல்லீங்க, வேலைக்கான கருவி அது.

அந்தக் கேசட் எம்பி3 ஆகி, ஒரு போன்ல ஓடவிட்டு இன்னொரு போன்ல வாய்ஸ் மெசேஜா பிடிச்சு, சொந்தக்காரங்க வாட்ஸ்அப் எல்லாம் சுத்தி நண்பன் கைக்கு வந்திருக்கு. ஆயாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். போன் ஸ்பீக்கர்ல கேட்டுட்டு, "இன்னாடா, கொசு கத்தறாப்புல கீது"ன்னு தள்ளிட்டாங்களாம். தப்பே இல்லை. போன் ஸ்பீக்கரோட சைஸுக்கு ஆம்பளைக் குரலோட அடித்தொண்டை எல்லாம் வராது. 'கார்ல போட்டா பின்னிடும் மச்சி'ன்னு வாக்குக் கொடுத்தது நான்தான். வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்.

மீஞ்சூர் தாண்டுற வரைக்கும் கன்டெய்னர் லாரிங்க சத்தத்துல ஒண்ணும் தெரியலை. காட்டூர் பக்கம் திரும்பி, ரெண்டு பக்கமும் வயலும் பனைமரமுமா ரோடு அமைதியானதும்தான் எங்க கார் ஸ்டீரியோவோட வண்டவாளம் தண்டவாளம் ஏறுச்சு. முதல்ல ஒரு 'ஙொய்ய்ய்'. ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா அதுவும் மேல போகுது, விட்டா இறங்குது. உங்க கார்லயும் இது இருந்தா பாட்டைத் திட்டாதீங்க. போனை சிகரெட் லைட்டர் சாக்கெட்டுல சார்ஜ் போட்டுக்கிட்டே ஆக்ஸ் கேபிள்லயும் சொருகியிருப்பீங்க. எர்த் ரெண்டு வழியா சுத்துறதால ஆல்டர்னேட்டரோட முனகல் ஸ்பீக்கருக்கு வந்துடும். சார்ஜரைப் பிடுங்கினோம். போச்சு!

அடுத்தது, 'உஸ்ஸ்'. போன்ல வால்யூமைப் பாதியில வெச்சுட்டு ஸ்டீரியோவை முக்கால் வரைக்கும் திருகியிருந்தான் ஒருத்தன். அப்படி வெச்சா பாட்டோட சேர்ந்து இரைச்சலும்தான் பெருசாகும். போனைக் கிட்டத்தட்ட முழுசுக்குக் கொண்டு போய், ஏத்துறது இறக்குறது எல்லாம் ஸ்டீரியோவுலயே பண்ணணும். அதை விட பெட்டர், பென்டிரைவ். ஃபைல் நேரா ஸ்டீரியோவுக்கே போயிடும், நடுவுல போனோட புரோக்கர் வேலை கிடையாது. புது கார்க்காரங்க ப்ளூடூத்தே போதும்னு நினைப்பீங்க. வசதிதான், ஆனா அது பாட்டை இன்னொரு தடவை சுருக்கித்தான் அனுப்பும். ஏற்கெனவே சுருங்கினதைத் திரும்பச் சுருக்குறது, துவைச்சுச் சாயம் போன சட்டையை மறுபடி கல்லுல அடிக்கிற மாதிரி.

சுருக்கம்னதும் ஒரு சின்ன கணக்கு. சி.டி.யில பாட்டு ஒரு விநாடிக்கு 1,411 கிலோபிட். சாதாரண எம்பி3-யில 128. அதாவது பதினொண்ணுல ஒரு பங்கு. மனுஷக் காது எதையெல்லாம் கவனிக்காதுன்னு கணக்குப் போட்டு, அதைத் தூக்கி எறிஞ்சுதான் இப்படிச் சுருக்குறாங்க. ஜெர்மனியில ஃப்ரான்ஹோஃபர்ல இதுக்காகவே வருஷக்கணக்கா உழைச்சாங்க, கெட்டிக்காரங்கதான். ஆனா அலைச் சத்தம், மழை, கைத்தட்டல் மாதிரி ஒழுங்கே இல்லாத ஓசையைச் சுருக்கும்போது இந்த வித்தை திணறும். தண்ணிக்குள்ள குமிழி விடுற மாதிரி ஆயிடும். எங்க பாட்டு பிடிச்ச இடமோ கடற்கரை! இன்னொண்ணு, 128-ஐ 320-ஆ மாத்தித் தர்ற சாஃப்ட்வேரை நம்பி ஏமாறாதீங்க. தூக்கி எறிஞ்சது எறிஞ்சதுதான். ஃபைல் மட்டும் குண்டாகும்.

காட்டூர் வந்தாச்சு. வேப்பமரத்து நிழல்ல காரை நிறுத்தி, இன்ஜினை ஆஃப் பண்ணி, ஆயாவைக் கைத்தாங்கலா கூட்டிட்டு வந்து முன் சீட்டுல உட்கார வெச்சோம். தெருப் பசங்க ஒரு டஜன் பேர் கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கிட்டு நிக்கறாங்க. பாட்டைப் போட்டோம்.

குரல் கிணத்துக்குள்ள இருந்து வருது! ஆயா எங்களைப் பார்க்கறாங்க. நண்பன் என்னைப் பார்க்கறான்.

நல்லவேளையா அத்தை மகன் கம்ப்யூட்டர்ல, கேசட்டுல இருந்து முதல்ல எடுத்த எம்பி3 அப்படியே இருந்துச்சு. பென்டிரைவ்ல ஏத்திட்டு வந்தான். கொஞ்சம் தேவலை, ஆனா குரல் இன்னும் குழிக்குள்ளதான். 'ராக்' செட்டிங், பேஸ் பூஸ்ட் எல்லாத்தையும் ஆஃப் பண்ணி ஈக்வலைஸரை நட்டநடுவுல வெச்சேன். ம்ஹூம். கடைசியா வெறுத்துப் போய் பேலன்ஸை முழுசா இடது பக்கம், ஆயா பக்கம், திருப்பினேன் பாருங்க... குரல் டப்புனு கார்க்குள்ள வந்து உட்கார்ந்துச்சு!

வேற ஒண்ணுமில்லை. போன வருஷம் எங்க ஏரியா கடையில கதவு ஸ்பீக்கர் மாத்தினப்போ, ஒரு பக்கத்துல பிளஸ், மைனஸ் வயரை மாத்திக் கொடுத்திருக்காங்க. ஒரு ஸ்பீக்கர் முன்னால தள்ளும்போது இன்னொண்ணு பின்னால இழுக்கும், ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும். அதிகமா காலியாகறது ரெண்டுலயும் ஒரே மாதிரி வர்ற ஓசை, அதாவது நடுவுல நிக்கற குரலும் பேஸும். எங்க கேசட்டோ மோனோ. ரெண்டு பக்கமும் ஒரே ஓசைதான், கேட்கணுமா! ஒரு வருஷமா சினிமாப் பாட்டுலகூட பாடறவங்க எங்கயோ தூரத்துல நின்னது இதனாலதான். 'மிக்ஸிங் சரியில்லை'ன்னு மியூசிக் டைரக்டரைத் திட்டிக்கிட்டு இருந்தேன். ஸாரி சார்!

உங்க கார்ல சந்தேகமா? பேலன்ஸை நடுவுல இருந்து ஒரு பக்கமா தள்ளிப் பாருங்க. குரல் கனமானா வயரிங் கோளாறுன்னு வெச்சுக்கலாம். ஸ்பீக்கர் வயரைக் கழட்டி, 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுங்க. பிளஸ்ஸுக்கு பிளஸ் சரியா இருந்தா கூம்பு வெளியே தள்ளும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு ஓடிப்போய் ஆயிரக்கணக்குல ஆம்ப்ளிஃபயர் வாங்குறதுக்கு முன்னாடி இந்தப் பத்து ரூபாய் டெஸ்ட்டைப் பண்ணிடுங்க.

சரி, ஆயாவுக்கு வருவோம். ரெண்டாவது தடவை போட்டப்போ ஆயாவோட கை மடியில தாளம் போட ஆரம்பிச்சுடுச்சு. நண்பன் குனிஞ்சு, "தாத்தா பாடறாரு கேக்குதா ஆயா?"ன்னு சத்தமா கேட்டான். அவங்க தலையை ஆட்டினாங்க, ஆனா 'இல்லை'ன்னு.

"முன்ன பாடறாரே, அது உங்க தாத்தா இல்லடா. அவருக்கு அடியெடுத்துப் பாட வராது. பின்னாடி சொல்றாங்க பாரு, அதுல கடைசியா இழுத்து முடிக்கறது... அதான் அவரு."

குடும்பமே இத்தனை வருஷமா வேற யாரோட குரலையோ தாத்தான்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கு! மறுபடி போட்டோம். அலைச் சத்தத்துக்கு நடுவுல, எல்லாரும் நிறுத்தின அப்புறமும் அரை மூச்சு தள்ளி முடியற ஒரு கட்டைக் குரல். கொசுவா கேட்டப்போ அது இருந்ததே தெரியலை. நண்பன் பேசாம கார்க் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். ஆறு தடவை போட்டோம். ஏழாவதுக்கு பேட்டரி படுத்துடுச்சு. இன்ஜின் ஆஃப்ல ரொம்ப நேரம் பாட்டு ஓட்டாதீங்கன்னு சொல்ல மறந்துட்டேனே. மூக்கு ஒட்டின பசங்கதான் வண்டியைத் தள்ளினாங்க.

பழவேற்காட்டுக்குப் போகும்போது சாயங்காலம் ஆயிடுச்சு. இந்தியாவுல சில்கா ஏரிக்கு அடுத்த பெரிய உப்பங்கழி இதுதான். 1613-ல் டச்சுக்காரங்க கட்டின கெல்ட்ரியா கோட்டையில இப்போ புதரும் செங்கல்லும்தான் மிச்சம். கல்லறை வாசல்ல செதுக்கி வெச்சிருக்கற எலும்புக்கூடுகளைப் பார்த்துட்டு, படகுத்துறையில டீ குடிச்சோம். ஏரியில யார் எந்த இடத்துல எப்போ வலை போடணும்கிறதை முறை வெச்சுப் பிரிச்சுக்கற 'பாடு' பழக்கத்தைப் பத்தி அங்க ஒரு பெரியவர் ரொம்ப நேரம் சொன்னார். அம்பா பாட்டு பத்திக் கேட்டேன். சிரிச்சுட்டு டீ கிளாஸைக் கீழ வெச்சார்.

கிளம்பும்போது ஆயா டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த கேசட்டை எடுத்து, துண்டுல சுத்தி, எங்ககிட்டயே கொடுத்துட்டாங்க. இந்தத் தடவை ஒழுங்கா எடுக்கணும். டேப்பை முதல்ல ஒரு தடவை முழுசா ஓட்டிச் சுத்திட்டு, பிளேயர் ஹெட்டைத் துடைச்சுட்டு, சுருக்காத வேவ் ஃபைலா. சி.டி. தரத்துல நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்.பி. ஆகும், ஆகட்டும். சுத்தமா எடுத்தா தாத்தா குரல் இன்னும் கொஞ்சம் முன்னால வரலாம்.

கேசட்டைக் கதவுப் பையில வெச்சுட்டு மீஞ்சூர் கிட்ட வரும்போதுதான் எனக்கு சுரீர்னுச்சு. அந்தப் பைக்குப் பக்கத்துலயே ஸ்பீக்கர். ஸ்பீக்கருக்குள்ள காந்தம். காந்தம் பக்கத்துல இருந்தா டேப் என்ன ஆகும்?! வண்டியை ஓரம் கட்டி கேசட்டை வெளியே எடுத்தோம். நண்பன் சென்னை வர்ற வரைக்கும் அதை மடியிலயே வெச்சுக்கிட்டு வந்தான். ஸ்டீரியோவை யாரும் ஆன் பண்ணலை.