திருவல்லிக்கேணியில் 250 சதுர அடி!

2009-ல் பி.காம். சர்டிபிகேட்டும் ஒரு ஏர்பேக்கும் எடுத்துக்கொண்டு மன்னார்குடியிலிருந்து சென்னைக்கு வந்து இறங்கினேன். ஆடிட்டர் ஆபீஸில் வேலை. "எங்கே தங்கப் போறே?" என்று கேட்ட ஆடிட்டர், நான் யோசிப்பதற்குள் பதிலையும் அவரே சொல்லிவிட்டார். "திருவல்லிக்கேணிக்குப் போ. அங்கே யாராவது ஒரு கட்டில் கொடுப்பாங்க."

கட்டில்தான் கொடுத்தார்கள். அறை கொடுக்கவில்லை. பத்துக்குப் பத்தில் நாலு கட்டில். நடுவே இருந்த இடத்தில் ஒருவர் வேட்டி கட்டும்போது மற்ற மூவரும் கட்டிலில் ஏறி நிற்க வேண்டும். ஒருவர் மெடிக்கல் ரெப், ஒருவர் சினிமாவில் உதவி இயக்குநர் ஆகப்போகிறவர் (ஏழு வருஷமாக ஆகப்போகிறவர்), மூன்றாவது ஆள் சிவகாசிக்காரன். அவன் இந்தக் கதையில் திரும்ப வருவான், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மேன்ஷன் வாழ்க்கையைப் பற்றி நிறையப் பேர் அழுது எழுதிவிட்டார்கள். நான் அழவில்லை. ஏனென்றால் நான் அறையில் வாழவில்லை, தெருவில் வாழ்ந்தேன். காலையில் ரத்னா கபேயில் இட்லியைத் தேட வேண்டும். சாம்பாருக்குள் எங்கேயாவது இருக்கும். சாயங்காலம் பைகிராப்ட்ஸ் ரோடு. பாரதி சாலை என்று பெயர் மாற்றி எத்தனையோ வருஷமாகியும் பழைய புத்தகக் கடைக்காரருக்கு அது பைகிராப்ட்ஸ் ரோடுதான். நோன்பு மாதத்தில் வாலாஜா பள்ளிவாசல் பக்கம் போனால், நோன்பு திறக்க வந்தவர்களுக்குப் பரிமாறிக்கொண்டிருப்பார்கள். பரிமாறுகிறவர்கள் மயிலாப்பூரிலிருந்து வரும் சிந்தி இந்துக்கள். பல வருஷங்களாக இப்படித்தான். 1795-ல் கட்டின பள்ளிவாசல் அது. பத்து நிமிஷம் நடந்தால், பல்லவன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு உள்ள பார்த்தசாரதி கோயில். அங்கே பெருமாளுக்கு மீசை உண்டு. பெருமாளே மீசையோடு இருக்கிற பேட்டையில் ஷேவ் பண்ணாமல் ஆபீஸ் போனால் என்ன என்று ஒரு தடவை ஆடிட்டரிடம் கேட்டுவிட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில் இங்கே வேண்டாம்.

அப்புறம் கிரிக்கெட். சேப்பாக்கத்தில் மேட்ச் நடந்தால், மொட்டை மாடியில் முதலில் சத்தம் கேட்கும். சில செகண்ட் கழித்துத்தான் கீழே டி.வி.யில் விக்கெட் விழும். எதிர்காலம் முன்கூட்டியே தெரிகிற ஒரே பேட்டை, எனக்குத் தெரிந்து, இதுதான்.

2016-ல் கல்யாணம். மேன்ஷனில் மனைவிக்கு இடமில்லை என்பதால் மேடவாக்கத்தில் வாடகைக்குப் போனோம். புது பிளாட், அகலமான ரோடு, லிஃப்ட். எல்லாம் இருந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு சூடான பால் குடிக்க இரண்டு கிலோமீட்டர் போக வேண்டும். "வாங்கினா திருவல்லிக்கேணியில்தான் வீடு வாங்கணும்" என்று சொல்ல ஆரம்பித்தேன். மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "ஏங்க, அங்கே பாரதியாரே வாடகை வீட்லதானே இருந்தார்?"

உண்மைதான். துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் இன்று அரசாங்கம் நினைவு இல்லமாக வைத்திருக்கிற அந்த வீட்டில் அவர் குடியிருந்தவர்தான். 1921 செப்டம்பரில் அங்கேயே காலமானார். கணித மேதை ராமானுஜனும் 1914-ல் கப்பல் ஏறுவதற்கு முன் இந்தப் பேட்டையில் தங்கியிருந்தவர். அவர்களுக்கெல்லாம் பாங்க் லோன் கிடைத்திருக்காது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

2018-ல் வேட்டை தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு புரோக்கர், ஒரு சந்து. முதல் வீடு பார்த்த உடனே பிடித்துவிட்டது. விலையும் நம்ப முடியாத அளவு குறைவு. புரோக்கர் வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "கட்டடம் உங்களுக்கு ஸார். அடிமனை மட்டும் கோயிலுக்கு." அதாவது, சுவரை வாங்கலாம், தரையை வாங்க முடியாது. பழைய கோயில்களைச் சுற்றியுள்ள தெருக்களில் இப்படி நிறைய உண்டு. அறநிலையச் சட்டத்தின் 34-ம் பிரிவுப்படி, கமிஷனர் அனுமதியில்லாமல் கோயில் நிலத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது. பாங்க்காரர்கள் 'அடிமனை' என்ற வார்த்தையைக் கேட்டதுமே எதிர் நாற்காலியைப் பின்னால் நகர்த்திவிடுவார்கள்.

இரண்டாவது வீட்டில் நிலமும் சொந்தம், கட்டடமும் சொந்தம். யாருக்குச் சொந்தம் என்பதுதான் பிரச்னை. பதினாலு வாரிசு. பதின்மூன்று பேர் சரி என்றார்கள். பதினாலாவது ஆள் நியூஜெர்சியில், போனை எடுப்பதில்லை.

இந்த இடத்தில் வீடு வாங்க நினைக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. அரசாங்கம் ஒரு சான்றிதழுக்கு 'வில்லங்கச் சான்று' என்றே வெளிப்படையாகப் பெயர் வைத்திருக்கிறது. அதையும் வாங்காமல் அட்வான்ஸ் கொடுப்பவர்களை என்ன சொல்வது? 1975-லிருந்து இணையத்திலேயே பார்க்கலாம். பழைய பேட்டையில் அது போதாது. தாய்ப்பத்திரம் வரை போக வேண்டும். நான் பார்த்த ஒரு பத்திரத்தில் எல்லைகள் இப்படி இருந்தன: கிழக்கே ஒரு தென்னைமரம், மேற்கே ஒரு விதவையின் வீடு. மரமும் இல்லை, அந்த அம்மாளும் இல்லை.

மூன்றாவது வீடுதான் வீடு.

இருபதடி முகப்பு, எழுபத்தைந்தடி நீளம். மொத்தம் 1500 சதுர அடி நிலம். வாசலில் திண்ணை, உள்ளே ரேழி, கூடம், முற்றம், பின்னால் கிணறு. முற்றத்தில் துளசி மாடம். மேலே மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரத்தின் மேல் சின்னச் சின்னச் செங்கல்லைச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பால் கட்டின தளம். மே மாதம் மதியம் போனேன். கூடத்தில் மின்விசிறி ஓடவில்லை, எனக்கு வியர்க்கவில்லை.

எழுபது வயசு மாமி, தனியாக இருந்தார். வீடு அவருக்கும் இரண்டு மச்சினர்களுக்கும் பொது.

"வாங்கோ. உக்காருங்கோ. எந்த ஊர்?"

"மன்னார்குடி மாமி."

"ராஜகோபாலன் ஊரா? சரி. ஒண்ணு மட்டும் சொல்லுங்கோ. இடிச்சுடுவேளா?"

"ஐயோ, மாட்டேன் மாமி. இந்தத் திண்ணைக்காகத்தான் வாங்கறேன்."

காபி வந்தது. இரண்டாவது தடவை போனபோது 'வாங்கோ' 'வாப்பா' ஆகியிருந்தது. மச்சினர்கள் கேட்டது ஒரு கோடியே 30 லட்சம். சிவகாசிக்காரனைக் கூப்பிட்டேன். அவனுக்கும் அதே பைத்தியம். முன்கட்டு அவனுக்கு, பின்கட்டு எனக்கு, ஆளுக்கு 65 லட்சம். சேமிப்பு, மனைவியின் நகை, அப்பா தருவதாகச் சொன்னது எல்லாம் போக மீதி பாங்க் கடன்.

பாங்க்கில் மேனேஜர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். மரியாதையாகப் பேசினாலே பயந்திருக்க வேண்டும்.

"பில்டிங் வயசு என்ன ஸார்?"

"நூறு இருக்கும்."

"நீங்க இருபது வருஷத்துக்குக் கடன் கேக்கறீங்க. அது வரைக்கும் பில்டிங் நிக்கும்னு இன்ஜினீயர் எழுதித் தரணுமே."

இன்ஜினீயர் வந்தார். சுவரைத் தட்டினார். உத்திரத்தின் ஒரு முனையில் கரையான் இருந்ததை டார்ச் அடித்துக் காட்டினார். அறிக்கையில் நிலத்துக்கு ஒரு மதிப்பு, கட்டடத்துக்குச் சைபர். நூறு வருஷம் வெயிலைத் தடுத்த கூரைக்குச் சைபர்! டிப்ரிஸியேஷன் என்று காலேஜில் படித்து மார்க் வாங்கியது ஞாபகம் வந்தது. இவ்வளவு கோபமான சப்ஜெக்ட் என்று அப்போது தெரியாது. இன்னும் இரண்டு பாங்க் ஏறி இறங்கினோம். அதே பதில். இதற்குள் 2019 கோடை வந்து, தண்ணீர் இல்லாமல் மேன்ஷன்களே ஆட்களை ஊருக்குப் போகச் சொன்ன சமயம். சிவகாசிக்காரன் மனசு மாறிவிட்டான். அவன் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறான், கார்ப்பரேஷன் தண்ணீரைப் பற்றி மட்டும் பேசுகிறான்.

மாமியிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனிலும் சொல்லவில்லை. போகாமலே இருந்துவிட்டேன்.

2021-ல் அதே புரோக்கர் கூப்பிட்டார். "ஸார், உங்க மாமி வீட்டை பில்டர் எடுத்துட்டார். ஜாயின்ட் வென்ச்சர். ஆறு பிளாட், மூணு ஓனருக்கு, மூணு பில்டருக்கு. ரெண்டாவது மாடி பின்பக்கம் ஃப்ரீயா இருக்கு. 67 லட்சம். பாங்க் லோன் உடனே."

அன்று ராத்திரி கணக்குப் போட்டேன். பழைய வீட்டில் பாதி 65 லட்சம். அதற்கு நிலம் 750 சதுர அடி. புது பிளாட் 67 லட்சம். அதற்குப் பிரிக்கப்படாத பாகம் 250 சதுர அடி. இரண்டு லட்சம் அதிகம் கொடுத்து ஐந்நூறு சதுர அடி குறைவாக வாங்க வேண்டும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4, சதவிகிதக் கணக்கில் தனி. (பதிவுக் கட்டணத்தை 2023-ல் இரண்டாகக் குறைத்தார்கள், வழிகாட்டி மதிப்பை ஏற்றிவிட்டு.) எட்டு வீட்டுக்கு மேற்படாத சின்னக் கட்டடம் என்பதால் ரெராவில் பதிவு செய்ய வேண்டிய அவசியம் பில்டருக்கு இல்லை. கட்டடம் தாமதமானால் ரெராவிடம் ஓட முடியாது, பில்டரோடு போட்ட ஒப்பந்தம்தான் கதி. எந்த காமர்ஸ் பட்டதாரியும் வாங்கக் கூடாத வீடு.

வாங்கினேன். ஏனென்றால் அதற்குத்தான் கடன் கொடுத்தார்கள்.

இடிக்கும்போது ஒரு நாள் போனேன். போயிருக்கக் கூடாது. தேக்கு உத்திரங்களை எண் போட்டு லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். திண்ணைத் தூணுக்கு மட்டும் தனியாக ஒரு ஆள் வந்து பேரம் பேசிக்கொண்டிருந்தான். ஈ.சி.ஆரில் ஏதோ ஓட்டலுக்காம். ஓட்டலில் திண்ணை கட்டப் போகிறார்கள். நம்மைப் போன்ற ஆட்கள் சனிக்கிழமை காரில் போய் அதில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வோம்.

2022-ல் குடிவந்தோம். மாமிக்கு முதல் மாடியில் ஒரு பிளாட். மச்சினர்கள் தங்கள் இரண்டையும் விற்றுவிட்டார்கள். பால் காய்ச்சின அன்று மாமியைக் கூப்பிட்டேன். வந்தார். எங்கள் ஹால் நடுவில் நின்று மேலே பார்த்தார்.

"இது முற்றத்துக்கு நேர் மேலே வரது. மழை பேஞ்சா இங்கேதான் விழும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீதானேப்பா இடிக்க மாட்டேன்னு சொன்னது?"

"நான் இடிக்கலை மாமி" என்றேன். என் காதுக்கே அது சரியாக விழவில்லை.

"இல்லை இல்லை. நீ எங்கே இடிச்சே" என்று சொல்லி, பால் குடித்துவிட்டுப் போனார்.

மற்றபடி சௌக்கியம். காலையில் கோயில் நாகஸ்வரம் கேட்கிறது. வைகுண்ட ஏகாதசி அன்று என் தெருவுக்குள் நுழைய நானே போலீஸிடம் கெஞ்ச வேண்டும். ராத்திரி ஒன்பதுக்குச் சூடான பால் உண்டு. மே மாதம் ஏ.சி. இல்லாமல் ஹாலில் உட்கார முடியாது. மனைவிக்கு இப்போது என்னைவிட இந்தப் பேட்டை பிடித்துவிட்டது. ஜாம்பஜாரில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசும்போது அவளைப் பார்த்தால் மூன்று தலைமுறையாக இங்கேயே பிறந்தவள் போலிருக்கும்.

கீழே பார்க்கிங்கில் ஒரு மூலையில் காலையில் கொஞ்ச நேரம் வெயில் விழும். அங்கே மாமி சிமென்டில் ஒரு சின்னத் துளசி மாடம் கட்டிக்கொண்டார். பில்டரிடம் அவர் போட்ட ஒரே நிபந்தனை அதுதானாம். மாடம் இருப்பதால் ஒரு கார் நிற்க முடியவில்லை, மூன்று பைக்கை வளைத்து வளைத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. அதில் ஒன்று என்னுடையது. ஹேண்டில்பார் உரசி மாடத்தில் ஒரு பக்கம் காரை பெயர்ந்துவிட்டது.

போன மாதம் குடியிருப்போர் கூட்டம். மாடத்தை எடுத்து மொட்டை மாடியில் வைத்துவிடலாம் என்று ஒரு தீர்மானம். மாமிக்கு முட்டி வலி, மாடி ஏற முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆறு வீட்டில் நாலு பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. மாமியிடம் யாரும் கேட்கவில்லை. அந்தக் காகிதம் என் மேஜை மேல் பத்து நாளாகக் கிடக்கிறது. செக்ரெட்டரி தினமும் லிஃப்டில் பார்த்து, "ஸார், உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி" என்கிறார்.

பேனாவில் மை இல்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.