தடம் இருக்குதுங்களா தம்பி?

புதன்சந்தையில் ஒரு எருமை வாங்க நம் ஆட்கள் கேட்கிற கேள்விகளை ஐ.ஏ.எஸ். இன்டர்வியூவில்கூடக் கேட்க மாட்டார்கள். எத்தனை ஈத்து, எத்தனை பல்லு, காலையில் எத்தனை லிட்டர், உதைக்குமா, சுழி எங்கே இருக்கு... எல்லாம் கேட்டு முடித்து, "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்று டீ குடிக்கப் போய்விடுவார்கள். விற்க வந்தவன் மாட்டோடு சேர்ந்து அசை போட வேண்டியதுதான்.

அதே ஆட்களை ஒரு ஏ.ஸி. ஹாலில் உட்கார வைத்து, கையில் வழவழவென்று ஒரு புத்தகத்தைக் கொடுத்து, "துபாய்ல ஃப்ளாட் சார், மாசம் ஒரு பர்சென்ட் கட்டினாப் போதும் சார்" என்று கோட்டு போட்ட பையன் ஒருத்தன் சொல்லட்டும். கேள்வியாவது, பதிலாவது! சுழி பார்க்கிற பழக்கமே மறந்துபோய்விடுகிறது.

என் தாய்மாமா திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி வைத்துச் சம்பாதித்தவர். மத்தியப் பிரதேசம் வரை போய்ப் பாறையைத் துளைத்த மனுஷர். அவர் பையன் துபாயில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறான். மாசா மாசம் வாடகையாகக் கொட்டுகிறானே என்று மாமாவுக்கு வயிற்றெரிச்சல். போன வருஷம் கோயமுத்தூரில் ஒரு ஹோட்டலில் நடந்த துபாய் வீட்டுக் கண்காட்சிக்குப் போய் வந்தவர், ஒரே முடிவாக இருந்தார். பரமத்தி வேலூர்ப் பக்கம் ராஜவாய்க்கால் பாசனத்தில் அவர் வாங்கிப் போட்ட ரெண்டு ஏக்கர், வாழையும் வெற்றிலைக் கொடிக்காலுமாக இருக்கிறது. அதை விற்றுவிட்டு அங்கே ஃப்ளாட்.

"நீ பி.காம். படிச்சவன். இந்தக் காகிதத்தைக் கொஞ்சம் பாரு மாப்ளே" என்றார். (எங்கள் ஊரில் பி.காம். என்றால் மொய் எழுதுவதிலிருந்து ரிசர்வ் பேங்க் வரை எல்லாம் தெரிந்தவன் என்று அர்த்தம்!)

பார்த்தேன். இருபது பக்கத்தில் பதினாறு பக்கம் நீச்சல் குளம்.

"மாமா, இந்த ரெண்டு ஏக்கரை வாங்கறப்ப என்னென்ன கேட்டீங்க?" என்றேன். மூச்சு விடாமல் ஒப்பித்தார். மூலப்பத்திரம், முப்பது வருஷ வில்லங்கம், பட்டா யார் பேர்ல, கிணத்துல எத்தனை பாகம், கரண்ட் சர்வீஸ் யாரோடது, வண்டித்தடம் பத்திரத்துல எழுதியிருக்கா, கூடப் பொறந்த பொண்ணுங்க கையெழுத்துப் போட்டாங்களா...

"துபாய்க்காரங்ககிட்ட இதுல எதையாச்சும் கேட்டீங்களா?"

"அங்கெல்லாம் கவர்மென்ட் ஸ்ட்ரிக்ட்டுப்பா!"

வாஸ்தவம்தான். ஸ்ட்ரிக்ட்டாக இருப்பதால்தான் கேட்டால் பதில் கிடைக்கிறது. அங்கே வெளிநாட்டுக்காரர் நினைத்த தெருவில் முழு உரிமையோடு வாங்க முடியாது. 2006-ல் வந்த சட்டப்படி அதற்கென்று குறித்த பகுதிகளில்தான் முடியும். முழு உரிமையா, 99 வருஷம் வரையிலான குத்தகையா என்று முதலில் தெரிய வேண்டும். இது பட்டாக் கேள்வி. கட்டி முடிக்காத வீடு என்றால், வாங்குகிறவர்கள் கட்டும் பணத்துக்கு அந்த புராஜெக்ட்டின் பேரிலேயே தனி வங்கிக் கணக்கு இருக்க வேண்டும் என்பது 2007-ன் சட்டம். அந்தக் கணக்கு எண்ணை வாங்கி, அங்கே நிலத் துறையில் சரிபார்த்த பிறகுதான் முதல் தவணை. 2008-க்குப் பிறகு விலை சரிந்தபோது எத்தனையோ கட்டடம் பாதியில் நின்றது. கோட்டுப் பையன் அப்போது ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்திருப்பான், பாவம். பதிவுக் கட்டணம் 4 சதவிகிதம். கிணத்துப் பாகம் மாதிரி அங்கே லிஃப்ட், குளம், வராந்தா பராமரிப்புக்குச் சதுர அடிக் கணக்கில் வருஷா வருஷம் பணம். நீங்கள் நீந்தினாலும் நீந்தாவிட்டாலும்!

இதெல்லாம்கூடப் பரவாயில்லை சார். பணம் இங்கிருந்து எப்படி அங்கே போகும்? ஹாலில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி இதுதான்.

இந்தியாவில் குடியிருக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரைதான் அனுப்பலாம். இது 2015 முதல் இருக்கிற வரம்பு. வருஷத்துக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டுகிற தொகைக்கு, வீடு வாங்குவது மாதிரி காரியம் என்றால், வங்கி 20 சதவிகிதம் வரியாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு கோடி அனுப்பினால் 18 லட்சம் தனியாக எடுத்து வைக்க வேண்டும். கணக்குத் தாக்கல் செய்து கழித்துக்கொள்ளலாம், மிச்சத்தைத் திரும்ப வாங்கலாம், சரி. அதுவரைக்கும் அந்தப் பதினெட்டுக்கு வட்டி யார் தருவார், நீச்சல் குளமா?

"வீடு வாங்கினா விசாவும் உண்டாமே" என்றார் மாமா. உண்டு. 20 லட்சம் திர்ஹம் மதிப்புக்கு வாங்கினால் பத்து வருஷ கோல்டன் விசா. ஒரு டாலர் ஏறக்குறைய 3.67 திர்ஹம், 1997-லிருந்து அசையவில்லை. வகுத்துப் பாருங்கள், 5,44,000 டாலருக்கு மேல் வருகிறது. மாமா, அத்தை இரண்டு பேர் வருஷக் கோட்டாவைச் சேர்த்தாலும் எட்டவில்லை! அதற்குக் குறைந்த ஃப்ளாட் என்றால் அந்த விசா கிடையாது. பையனுக்கு வேலை போனால் வீடு அங்கேயே நிற்கும், அவன் நிற்க முடியுமா என்பது தனிக் கதை.

தவணையில் இன்னொரு சுழி இருக்கிறது. 2013 ஞாபகம் இருக்கிறதா? மே மாதம் 55 ரூபாய் அளவில் இருந்த டாலர் ஆகஸ்டில் 68-ஐத் தொட்டது. அதே ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வெளியே அனுப்பும் வரம்பை 2,00,000 டாலரிலிருந்து 75,000-க்கு வெட்டியது. அந்தப் பணத்தில் வெளிநாட்டில் வீடு, நிலம் வாங்கக் கூடாது என்றும் சொல்லி, பிறகு தளர்த்தியது. பாதித் தவணை கட்டியவன் அன்றைக்கு எப்படித் தூங்கியிருப்பான்? ரூபாயில் சம்பாதித்துத் திர்ஹத்தில் கட்டுகிற நண்பர்கள், "இது மறுபடி நடந்தால் மீதித் தவணைக்கு என்ன வழி?" என்று கையெழுத்துக்கு முன்னால் கேட்டுவிடுவது உத்தமம்.

துபாயில் வாடகைக்கு வருமான வரி இல்லை என்று புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உண்மை. ஆனால் இங்கே குடியிருக்கிற மாமா அந்த வாடகையை இங்கேதான் கணக்குக் காட்ட வேண்டும். வீட்டையும் வருஷா வருஷம் வருமான வரிப் படிவத்தில் எழுத வேண்டும். மறைத்தால், 2015-ன் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடம் இருக்கிறது. இன்னொன்று. சேலத்தில் அழகாபுரம் மாதிரி இடத்தில் மனையை விற்று, வீடு வாங்கினால் வரிச் சலுகை உண்டே என்று துபாயில் வாங்கிவிடாதீர்கள். 2014-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அந்த வீடு இந்தியாவில் இருந்தால்தான் சலுகை.

துபாய் வேண்டாம், சிங்கப்பூர் என்கிறீர்களா? 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டவர் வீடு வாங்கினால் கூடுதல் முத்திரை வரி மட்டும் 60 சதவிகிதம். அடுத்த பேச்சுக்குப் போவோம்.

மாமா சும்மா இருக்கவில்லை. கோட்டுப் பையனுக்கு என் எதிரிலேயே போன் போட்டு, "தடம் இருக்குதுங்களா தம்பி?" என்று கேட்டார். பையன் உற்சாகமாக, "வாசல்லயே பெரிய ரோடு சார்!" என்றான்.

"அதில்லீங்க. நாளைக்கு எனக்கு அவசரம்னா இதை வித்துப்போட்டு வெளிய வர வழி இருக்குதா? பாதி கட்டினப்பறம் வேறொருத்தருக்குக் கைமாத்தலாமா? எத்தனை பங்கு கட்டியிருக்கோணும்? உங்க கம்பெனிக்கு அதுக்கு எவ்வளவு குடுக்கோணும்?"

மெயில் பண்ணுகிறேன் என்றான். இந்த இதழ் அச்சுக்குப் போகும்வரை மெயில் வரவில்லை.

இவ்வளவு நேரமும் அத்தை உள்ளே பயறு உரித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தபடியே ஒன்று கேட்டார் பாருங்கள். "பத்திரம் யாரு பேர்ல?"

ஹால் நிசப்தம். பையன் பேர் என்றால், ரெண்டு ஏக்கரும் மொத்தமாகப் பையனுக்கே போன மாதிரி. ராசிபுரத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்கு? மாமா சுயமாகச் சம்பாதித்த நிலம், சட்டப்படி அவர் இஷ்டம்தான். மாமா பேரிலேயே வாங்கினால், அவர் காலத்துக்குப் பின் அந்த நாட்டுச் சட்டமும் உள்ளே வரும். முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் போனால் பாதி மனைவிக்கு, பாதி பிள்ளைகளுக்குச் சமமாக என்று 2023 பிப்ரவரியிலிருந்து அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. 2015-லிருந்து உயிலைப் பதிவு செய்யவும் தனி ஏற்பாடு உண்டு. ஆனால் ராசிபுரத்துப் பெண் தன் பங்கை வாங்க, துபாய்க்கு விசா எடுத்து நடக்க வேண்டும். தோட்டத்தில் என்றால் வரப்பு போட்டுப் பிரித்துவிடலாம். பதினாலாவது மாடியில் எங்கே சார் வரப்பு போடுவது?

அன்று ராத்திரியே மாமா பையனுக்குப் போன் போட்டார். அவன் அங்கே சம்பாதிக்கிற பணத்தில், அவன் பேரில், கட்டி முடித்த சின்ன வீடாக வாங்கினால் இந்த டாலர் கோட்டா, 20 சதவிகிதம் எதுவும் குறுக்கே வராது என்று நான் எழுதிக் கொடுத்ததை வாசித்தார். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "முழுசும் லோன்லதான் ஆகும்ப்பா, யோசிக்கிறேன்" என்றான். அவன் குரலில் வருத்தம் இருந்தது. அப்பா தோட்டத்தை விற்றுத் தருவார் என்று நம்பியிருந்தான் போல. மகளுக்கு இந்தப் பேச்சு எதுவும் இன்னும் தெரியாது. கொடிக்காலில் இந்த வாரம் வெற்றிலை கிள்ள ஆள் சொல்லியிருக்கிறார்கள்.