படத்துக்குச் சட்டம் இடுவோர்

'சுவரிருந்தாற்றான் சித்திரம் எழுதலாம்' என்பது நம்மவர் பழமொழி. சுவரைப் பற்றிச் சொன்ன முன்னோர் சட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. அதில் வியப்பில்லை. சித்திரம் சுவரிலேயே எழுதப்பட்ட காலத்தில் அதற்குச் சட்டம் வேண்டியிருக்கவில்லை. சித்திரம் சுவரை விட்டுக் கடதாசிக்கு வந்து, கடதாசி கைக்குக் கை மாறத் தொடங்கிய பின்னரே எமது தொழிலுக்கு வேலை வந்தது. 1894ஆம் ஆண்டில் இரவிவர்மா பம்பாயில் தமது அச்சகத்தை நிறுவினார். அது போன்ற அச்சகங்கள் பெருகப் பெருக, அரண்மனைச் சுவர்களுக்கே உரியனவாயிருந்த வர்ணப் படங்கள் சாதாரண மக்களின் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன. பின்னர் புகைப்படம் வந்தது. இன்று எம்மவர் வீடு எதனுள் நுழைந்தாலும் சுவாமிப் படமோ, காலஞ்சென்ற பெரியவரின் படமோ, பிள்ளையின் பட்டமளிப்புப் படமோ சுவரில் இருக்கக் காணலாம். படத்தை எழுதியவரின் பெயர் சிலவேளை அதன் மூலையிற் காணப்படும். சட்டமிட்டவனின் பெயர் எங்கும் இராது.

இலக்கிய ஏட்டில் பிறேம் போடுகிறவனுக்கு என்ன அலுவல் என்று வாசகர் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். நாம் சிறு வயதிலே யாழ்ப்பாணத்து மரச்சட்டக் கடையொன்றில் எடுபிடியாகச் சேர்ந்து, பின்னர் சொந்தமாக ஒரு வாங்கு போட்டு, வாழ்நாளின் பெரும்பகுதியை மரத்தூளுக்கும் கண்ணாடித் துண்டுக்கும் இடையிலே கழித்தவர். எழுத்து எமது தொழிலன்று. எனினும் எம் கையாற் செய்த ஒரு பிழை எம்மை எழுத வைத்திருக்கிறது. முதலில் அதனைச் சொல்லிவிடுவோம்.

2017ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சியில் வீதியோரத்தில் அமர்ந்து தொடர் போராட்டம் ஆரம்பித்தனர் அல்லவா? அதற்குச் சில கிழமைகளின் பின் ஒரு முதிய தாய் எமது கடைக்கு வந்தார். பழைய சேலைத் துண்டொன்றை அவிழ்த்து, ஒரு மூலை உடைந்த கண்ணாடித் தகடு ஒன்றை எம் முன்னே வைத்தார். சட்டம் இல்லை, பின்பலகை இல்லை. கண்ணாடியின் உட்புறத்தே ஓர் இளைஞனின் புகைப்படம் ஒட்டிக்கொண்டு கிடந்தது. கன்னத்தின் ஒரு பக்கம் கண்ணாடியோடு கலந்து எண்ணெய் பட்டது போல் மினுங்கிற்று. ஓரங்கள் தேயிலைச் சாயம் ஊறியவை போலிருந்தன.

"தம்பி, இது உங்கடை கடையிலை போட்டதுதான். ஒருக்கா இந்தக் கண்ணாடியைக் கழட்டித் தாங்கோ. படம் மட்டும் வேணும்."

படத்தின் முதுகில் எமது கடையின் முத்திரை மங்கலாகத் தெரிந்தது. 2003ஆம் ஆண்டு. போர்நிறுத்தம் ஏற்பட்டு, பாதை திறந்திருந்த காலம். உயர்தர வகுப்புச் சோதனை எழுதிய மகனை அழைத்து வந்து, படம் பிடித்து, மறுநாளே சட்டமிட்டுக் கொண்டு போயிருக்கிறார். 2009இல் அந்த மகன் காணாமற்போனான். வன்னியில் ஓரிடம் விட்டு ஓரிடம் ஓடியபோது பாரம் தாளாமல் மரச்சட்டத்தை விட்டார், பலகையை விட்டார். கண்ணாடியை மாத்திரம் விட முடியவில்லை. ஏனெனில் படம் அதிலிருந்து கழன்று வரவில்லை. உடையும் பொருளொன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அத்தனை தூரமும் அந்தத் தாய் நடக்க நேர்ந்தது எமது வேலையினால்.

"அம்மா, இழுத்தால் முகம் கண்ணாடியோடை வந்திடும். இழுக்கப்படாது" என்றோம். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை.

என்ன பிழை செய்தோம்? படத்தை நேரே கண்ணாடியிற் படியவைத்து, பின்னால் வைக்கோல் மட்டையை வைத்து அடைத்து, ஆணி அடித்துக் கொடுத்தோம். அக்காலத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தனர். இன்றும் பலர் அப்படியே செய்கின்றனர். புகைப்படத்தின் மேற்பரப்பு ஜெலற்றின் என்னும் பசைப்பொருளால் ஆனது. மாரி காலத்து ஈரத்தில் அது இளகிப் பொருமும்; கண்ணாடியின் உட்புறத்தில் வேர்க்கும் நீர்த்துளி அதற்கு உதவும். பின்பு வெயில் வர, இளகியது காய்ந்து கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். சில மாரிகளில் காரியம் முடிந்துவிடும். இதனைத் தடுக்க வேண்டியது ஓர் இடைவெளி மாத்திரமே. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே நடுப்பகுதி வெட்டிய மவுண்ட் மட்டை ஒன்றை வைத்தாற் போதும். அதற்குக் காசில்லையென்றால், சட்டத்தின் உட்படியில் மறைந்து நிற்கும்படி மட்டைக் கீலங்களை நாற்புறமும் ஒட்டினாற் போதும். செலவு ஒன்றுமில்லை, பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தை நாம் கொடுக்கவில்லை.

இத்தொழிலில் இன்று வாங்குக்கு வரும் இளைஞருக்கு இதனை முதற்பாடமாக வைக்கிறோம். ஏனைய பாடங்களையும் இங்கே வரிசையாகச் சொல்லிவிடுவது நன்று. எமது முதலாளிமார் இவற்றைத் 'தொழில் இரகசியம்' என்று பூட்டிவைத்தனர். அறிவைப் பூட்டிவைப்பவன் காலப்போக்கில் தானும் அதை மறந்துவிடுகிறான் என்பதே நாம் கண்டது.

சட்டத்தின் உயிர் மூலையில் இருக்கிறது. நான்கு மூலைக்கு எட்டு வெட்டு. ஒவ்வொன்றும் 45 பாகை. வாள் அரைப் பாகை பிசகினால் என்ன என்று இளைஞர் நினைப்பதுண்டு. எட்டு வெட்டிலும் அதே திசையில் அரைப் பாகை பிசகினால், மூன்று மூலைகள் பொருந்தி, நான்காம் மூலை நான்கு பாகை வாய்பிளந்து நிற்கும். பிழை கடைசி மூலையில் தெரிகிறதேயன்றிக் கடைசி மூலையிற் பிறப்பதில்லை. இரண்டாவது, எதிரெதிர்ப் பக்கங்கள் மயிரிழையும் பிசகாது ஒரே நீளமாயிருத்தல் வேண்டும். அளவுகோலை நம்பாது, இரண்டையும் முதுகோடு முதுகாக வைத்து முனையை விரலால் தடவிப் பாருங்கள். கண் ஏமாறும், விரல் ஏமாறாது. பூட்டியபின் மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பார்த்தால் சட்டம் சதுரமோ சரிவோ என்பது தெரிந்துவிடும்.

மரத்தின் வெட்டுமுகம் பசையைக் குடிக்கும். ஆகவே முதலில் மெல்லிதாக ஒருமுறை பூசி, அது ஊறிய பின் மறுமுறை பூசிப் பொருத்தல் வேண்டும். ஆணி பசைக்குத் துணையே அன்றிப் பசைக்குப் பதிலாகாது. ஆணிக்கு முன் சிறு துளை இடாவிட்டால் மரம் பிளக்கும். உட்படியின் அளவு படத்திலும் கண்ணாடியிலும் இரண்டு மூன்று மில்லிமீற்றர் கூடியிருக்க வேண்டும். ஈரத்தில் மரமும் மட்டையும் பொருமும்; பொரும இடமில்லாத படம் நடுவே வளையும். கண்ணாடியை வெட்டும்போது சில்லை ஒரே தடவை, ஒரே அழுத்தத்தில் ஓடவிடுங்கள். வெட்டுக் கோட்டின் மேல் மீண்டும் ஓடவிட்டால் கண்ணாடியும் கெடும், சில்லும் கெடும். துடைக்கும் நீரைத் துணியில் தெளிக்க வேண்டுமேயன்றிக் கண்ணாடியில் தெளிக்கலாகாது. ஓரத்தால் இறங்கும் ஒரு துளி படத்தைக் கறையாக்கிவிடும்.

இனி, கண்ணுக்குத் தெரியாத பகுதிக்கு வருவோம். அங்கேதான் பெரும்பாலான அநியாயம் நடக்கிறது. மலிவான மட்டை, பத்திரிகைத் தாள், ஒட்டுப்பலகை ஆகியவற்றிலிருந்து நாளடைவில் அமிலம் கசியும். அது படும் கடதாசி பழுப்பேறி நொறுங்கும். அத்தாய் கொண்டுவந்த படத்தில் இருந்த தேயிலைச் சாயம் அதுவே. பருத்தி நாரால் ஆன அமிலமற்ற மட்டை விலை கூடியது. முழுப் படத்துக்கும் அதனை வாங்க இயலாதவருக்கு, படத்தைத் தொடும் ஒரு தாளையாவது அமிலமற்றதாக வையுங்கள். அதன் பின்னால் மலிவான பலகை வந்தாலும் நேரே தீண்டாது.

படத்தை ஒட்டும் விதத்திலும் ஒரு நியாயமுண்டு. முழு முதுகையும் பசையால் ஒட்டுவது குற்றம். கடைகளில் விற்கும் ஒட்டுநாடா அதனிலும் பெரிய குற்றம். சில வருடத்தில் நாடா உதிர்ந்துவிடும். அதன் பசை மஞ்சளாகிக் கடதாசியினுள் இறங்கிவிடும். கோதுமை மாவைப் பிசைந்து நீரிற் கழுவினால் அடியிற் படியும் மாப்பொருளைக் காய்ச்சி, மல்பெரிப் பட்டையின் நாரால் ஆன மெல்லிய ஜப்பானியக் கடதாசித் துண்டிரண்டிற் பூசி, படத்தின் மேல்விளிம்பில் மட்டும் பிணையுங்கள். படம் துணி உலர்வது போல் தொங்கி நிற்கும். ஈரத்தில் விரியவும் வெயிலில் சுருங்கவும் அதற்குச் சுதந்திரம் இருக்கும். பின்னொரு நாள் கழற்ற வேண்டின் சிறிது நீர் தொட்டால் அப்பிணைப்புக் கழன்றுவிடும். செய்வது யாதாயினும் அதனை மீளக் கழற்ற முடியவேண்டும் என்பதே எமது தொழிலின் தலையாய விதி. ஒரே பிரதியாக உள்ள புகைப்படத்தை லமினேற் செய்யாதீர்கள் என்று நாம் மன்றாடுவது இதனால்தான். வெப்பத்தால் உருகிப் படிந்த பிளாஸ்ரிக்கிலிருந்து எவராலும் அதனை முழுதாக மீட்க இயலாது.

சுவரும் எதிரியாகலாம். மாரியில் குளிரும் சுவரோடு படத்தின் முதுகு ஒட்டிக்கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். கீழ் மூலைகளில் இரண்டு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் காற்று உலாவும். கறையான் ஏறினாலும் கண்ணிற் படும். வெளிச்சத்தைப் பொறுத்தவரை, நூதனசாலைகள் நீர்வர்ண ஓவியத்துக்கு 50 லக்ஸ் அளவே அனுமதிக்கின்றன. எமது முற்றத்து நண்பகல் வெயில் 1,00,000 லக்ஸ் வரை செல்லும். ஒளி செய்யும் சேதம் நாளுக்கு நாள் சேர்வது. இரவில் இருட்டில் ஓய்வெடுத்துத் தேறுவதன்று. ஆகையால் வாசலுக்கு எதிர்ச் சுவரில் படம் மாட்டுபவரிடம் வேறு சுவரைக் காட்டுங்கள்.

இவற்றையெல்லாம் கேட்டு, 'இது நூதனசாலைக்குச் சரி. ஏழையின் ஐந்நூறு ரூபாய்ப் படத்துக்கு எதற்கு?' என்பார் உண்டு. நாமும் 2003இல் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் எண்ணிப் பாருங்கள். செல்வந்தர் வீட்டு ஓவியம் கெட்டால் அதனைத் திருத்த வல்லுநர் உளர். அதன் பிரதி புத்தகங்களில் உண்டு. ஏழைத் தாயின் மகனுக்கு இருப்பது ஒரே படம். எது மீளப் பெறமுடியாததோ அதற்கே மிக மலிவான மட்டை போகிறது. 1981இல் எமது பொது நூலகம் எரிந்ததை நாம் மறக்கவில்லை; மறக்கவும் கூடாது. ஆயினும் தீ ஓர் இரவிற் செய்ததை ஈரமும் அமிலமும் இருபது ஆண்டுகளில் ஓசையின்றி எமது வீடுகள் தோறும் செய்து வருகின்றன. அதில் எமது கையும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்வது கசப்பானது; அவசியமானது.

ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பாடசாலைச் சுவர்களில் தொங்கும் பழைய வகுப்புப் படங்களை ஒருநாள் மாணவரோடு சேர்ந்து இறக்கிப் பாருங்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். கண்ணாடியோடேயே பிரதி எடுங்கள். ஒட்டாதிருந்தால் இடைவெளி இடுவியுங்கள். படத்தில் நிற்போரை அறிந்த முதியவர் உயிரோடிருக்கும்போதே பெயர்களைக் கேட்டு, மெல்லிய தாளில் எழுதிப் படத்தோடு வையுங்கள். படத்தின் முதுகில் எழுதத்தான் வேண்டுமெனில் மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். குமிழ்முனைப் பேனா முகத்தின் பக்கம் பதிந்துவிடும். வரலாற்றுப் பாடத்துக்கு இதனிலும் நல்ல செய்முறை உண்டோ?

அத்தாயின் படத்துக்கு என்ன செய்தோம் என்று சொல்லவில்லை. அறையை இருட்டாக்கி, இரு பக்கத்திலும் 45 பாகைச் சரிவில் விளக்கு வைத்து, கமெராவின் பின்னால் கறுப்புத் துணி கட்டி, கண்ணாடியில் நிழல் விழாதபடி அதனைப் படம் பிடித்தோம். கன்னத்துக் கறையை ஓர் இளைஞர் கணினியில் ஓரளவு போக்கினார்; முகத்தை அழகுபடுத்த வேண்டாமென்று தடுத்தோம். வீதியிற் பிடிக்க ஒன்று, அலுவலகத்துக்குக் கொடுக்க ஒன்று, வீட்டுக்கு ஒன்று என மூன்று பிரதிகள். வீட்டுப் பிரதிக்கு இடைவெளியும் பருத்தி மட்டையும் கடதாசிப் பிணைப்பும் இட்டுச் சட்டம் செய்தோம். மூலப் படத்தைக் கண்ணாடியோடேயே மட்டைப் பெட்டியொன்றிற் கிடையாக வைத்துக் கொடுத்தோம்.

அவர் புதுச் சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கழருமோ, தம்பி?"

"ஓம் அம்மா. துளி தண்ணி தொட்டால் கழரும்."

"அப்ப சரி. பிள்ளை வந்தால் தன்ரை படத்தைக் கேப்பான்."

கூலி வேண்டாமென்றோம். கேட்கவில்லை. முந்தானை முடிச்சிலிருந்து எடுத்து வாங்கின் மேல் வைத்துவிட்டு, பெட்டியை ஒரு கையிலும் சட்டத்தை மறு கையிலும் பிடித்துக்கொண்டு பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார்.